கேலக்ஸி படத்தில் தப்பாக அழுத்திவிட்டேன், ஆராய்ச்சி கெட்டுப்போகுமா?

சாட்ஸ்வர்த் ஆயா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 63. துணி ஃபேக்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, காலரின் இரண்டு முனையும் ஒத்துப்போகிறதா என்று மடித்துப் பார்த்து, கைப்பட்டையைத் திருப்பி, பக்கத் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. ஃபேக்டரி மூடிய பிறகு வீட்டில்தான் இருக்கிறேன்.

போன பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்குப் பொதுமக்கள் உதவும் ஜூனிவர்ஸ் என்ற தளத்தைக் காட்டி, "ஆயா, உங்கள் கண்ணுக்கு ஏற்ற வேலை இது" என்று அதிலுள்ள கேலக்ஸி ஜூ என்ற திட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டுப் போனான். கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த மண்டலம், அதன் படம் ஒன்று வரும். வழவழப்பாக உருண்டையாக இருக்கிறதா, இல்லை தட்டு, கை, வளைவு ஏதாவது தெரிகிறதா, இல்லை அது கேலக்ஸியே இல்லாமல் நட்சத்திரமோ படத்தில் விழுந்த கோளாறோ என்று கேட்பார்கள். நாம் பதிலை அழுத்த வேண்டும். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவேன். இத்தனை வருஷம் வானத்தை அண்ணாந்து பார்த்ததைவிட இந்த இரண்டு மாதத்தில் போனில் பார்த்தது அதிகம்.

வியாழக்கிழமை ஒரு படம் வந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு உருண்டை, சுற்றிலும் வெறும் கறுப்பு. வழவழப்பு என்று அழுத்தி, முடிந்தது என்பதையும் அழுத்திவிட்டேன். படம் மாறுகிற அந்த நொடியில்தான், இடப்பக்கம் கீழே, காஜா பிரிந்து நூல் தொங்குவது போல மெல்லிசாக ஒரு கை வளைந்து போவது கண்ணில் பட்டது. திரும்பிப் போய் மாற்ற வழியே இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமே சரியாக வரவில்லை.

என் கேள்வி இதுதான். இப்படித் தப்பாகச் சொன்னதை வாபஸ் வாங்க முடியுமா? முடியாவிட்டால் அந்த விஞ்ஞானிகளின் கணக்கு என்னால் கெட்டுப்போகுமா? ஃபேக்டரியில் என் கையைத் தாண்டிப் போன பிசகு நேராகக் கடைக்குப் போய் நிற்கும். படிக்காத நான் இதில் இருப்பது உதவியா உபத்திரவமா என்று யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

டேபிள் மலை நிழல்

வணக்கம் அம்மா. கேப் டவுனில் வானியல் தரவு சம்பந்தமாக மேற்படிப்பு படிக்கிறேன், அதனால் ஓரளவு உள்ளே இருந்து சொல்ல முடியும். அனுப்பிய பதிலை மாற்ற முடியாது. ஆனால் அதனால் கணக்கு கெடாது. ஃபேக்டரியில் ஒரு சட்டையைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான். இங்கே அதே படம் சுமார் 40 பேருக்குப் போகிறது. அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களை அவர்களுக்குத் தெரியாது, யார் என்ன சொன்னார்கள் என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. 40 பதிலும் சேர்ந்த பிறகுதான் அந்தக் கேலக்ஸிக்கு ஒரு முடிவு.

அந்த முடிவும் ஆம், இல்லை என்று இருக்காது. 40 பேரில் 26 பேர் வழவழப்பு, 14 பேர் கை தெரிகிறது என்று சொன்னால் அந்த விகிதத்தையே எழுதி வைப்பார்கள். 14 பேருக்குத் தெரிந்து 26 பேருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கை அவ்வளவு மங்கல் என்று அர்த்தம், அதுவே ஒரு தகவல். உங்களுக்கு ஒரு நொடி கழித்துத் தெரிந்தது என்கிறீர்களே, அப்படிப்பட்ட கேலக்ஸி அது. எப்போது பார்த்தாலும் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் கண்டபடி அழுத்துகிறவர்களின் பதிலுக்கு எடை குறைத்துவிடும் முறையும் உண்டு. ஒரு படத்துக்காகத் தூக்கம் கெட்டவர் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்.

இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஸ்லோன் வானக் கணக்கெடுப்பு என்ற திட்டத்தில் ஒரு தொலைநோக்கி எடுத்த படங்களில் ஏறத்தாழ 9 லட்சம் கேலக்ஸி குவிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் ஒரே வாரத்தில் 50,000 படத்தைத் தன் கண்ணால் பார்த்துப் பிரித்தார். மிச்சத்தையும் ஒரு ஆள் பார்ப்பது நடக்கிற காரியமில்லை என்று அவரும் கிறிஸ் லின்டாட்டும் சேர்ந்து 2007 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு நாள் முடிவதற்குள் மணிக்கு 70,000 பதில் வர ஆரம்பித்தது. முதல் வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து 5 கோடிக்கு மேல் பதில் கொடுத்தார்கள். உங்களைப் போன்றவர்கள் இல்லையென்றால் அந்தப் படங்கள் கணினி வட்டிலேயே கிடந்திருக்கும்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான். 40 பேர் பார்த்தால் தப்பு அடிபட்டுப்போகும் என்பது ஆளுக்கு ஒரு விதமாகத் தப்பு செய்தால்தான். எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் 40 என்ன, 4,000 பேர் பார்த்தாலும் தப்பு தப்புதான். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கேலக்ஸி ஜூவிலேயே இது நடந்தது. சுருள் கேலக்ஸிகள் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுகின்றனவா, எதிர்ப்பக்கமாகவா என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். இரண்டும் சரிபாதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அண்டத்துக்கு இடம் வலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் வந்த பதிலில் எதிர்ப்பக்கம் தெளிவாகவே அதிகம். இது மட்டும் உண்மையென்றால் அண்டத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் திருப்பி எழுத வேண்டும். அவர்கள் அவசரப்படவில்லை. படங்களைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி நடுவில் கலந்துவிட்டார்கள். வானத்தில்தான் காரணம் இருந்தது என்றால் இப்போது மறுபக்கம் அதிகமாக வர வேண்டும். வரவில்லை. திருப்பிப் போட்ட படத்திலும் எதிர்ப்பக்கம்தான் அதிகம். ஆக, சாய்வு மனிதக் கண்ணில் இருக்கிறது, வானத்தில் இல்லை.

அம்மா, உங்கள் மங்கலான கைக்கும் இதே போல ஒரு கதை உண்டு. கேலக்ஸி எவ்வளவு தூரமோ அவ்வளவு சிறிதாகவும் மங்கலாகவும் தெரியும், கை எல்லாம் அழிந்து வழவழப்பாகிவிடும். அதனால் தூரத்துக் கேலக்ஸிகளில் வழவழப்பு என்ற பதில் எல்லோரிடமிருந்தும் கூடுதலாக வரும். இது உங்கள் குறை இல்லை, படத்தின் குறை. தூரத்தைக் கணக்கில் எடுத்து இந்தச் சாய்வையும் அவர்கள் திருத்துகிறார்கள். ஆனால் ஒன்று, அந்தத் திருத்தம் சரியாக வர வேண்டுமானால் நீங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். "இங்கே கை இருந்தாலும் இருக்கும், எதற்கும் கை என்றே போடுவோம்" என்று யூகித்து அழுத்தினால்தான் உண்மையில் கெடுதல். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். புத்தகத்தில் பார்த்த சுருளை மங்கல் படத்திலும் தேடுவார்கள்.

லெனேசியா கணினி

நான் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007 கதை எல்லாம் சரி. இன்றைக்குப் படத்தைப் பார்த்துப் பூனையா நாயா என்று கணினியே சொல்லிவிடுகிறது. நான் மென்பொருள் துறையில்தான் வேலை செய்கிறேன், கேலக்ஸியைப் பிரிக்கிற நிரல் எழுதுவது இப்போது பெரிய காரியம் இல்லை. அப்படியிருக்க வயதானவர்களை ராத்திரியில் உட்காரவைத்து, அவர்கள் காசுக்கு வாங்கிய டேட்டாவைச் செலவழிக்கவைத்து, இதைச் செய்யச் சொல்வது நியாயமா? நம் ஊரில் டேட்டா விலை தெரிந்துதான் கேட்கிறேன்.

டேபிள் மலை நிழல்

அண்ணா, நியாயமான கேள்வி. அந்த நிரலுக்குக் கேலக்ஸியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பாருங்கள். ஜூபாட் என்று ஒன்று இருக்கிறது, அது பாடம் படித்ததே கேலக்ஸி ஜூவில் மக்கள் கொடுத்த பதில்களை வைத்துத்தான். புதிய தொலைநோக்கி வந்தால் படத்தின் தன்மையே மாறிவிடும், திரும்பவும் மனிதர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை 2024 ஆகஸ்டில் கேலக்ஸி ஜூவில் போட்டது அதற்குத்தான். மனிதர் பார்ப்பதும் கணினி பார்ப்பதும் சேர்ந்தே நடக்கிறது.

இன்னொன்று, இது நம் வீட்டுக் கதை. வட கேப்பில், கார்னார்வன் ஊரைத் தாண்டி, கரூ பொட்டல்வெளியில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 64 தட்டு, ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம், 2018 ஜூலையில் திறந்தார்கள். அது ஒரு குறிப்பிட்ட பொருளைப் பார்க்கத் திரும்பினாலும், ரேடியோவில் ஒரே நேரத்தில் பெரிய பரப்பு வானம் முழுவதும் படத்தில் விழும். கேட்டது நடுவில் ஒரு புள்ளி, இலவசமாகக் கிடைப்பது அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான புள்ளிகள். அதே இடத்தை வாரம் ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சுற்றியிருக்கும் புள்ளிகளில் எது மினுங்குகிறது, எது ஏறி இறங்குகிறது என்று பார்க்க ஆளில்லை.

2021 கடைசியில் அதை ஜூனிவர்ஸில் போட்டார்கள். ஒரு பக்கம் அந்தப் புள்ளியின் படம், பக்கத்திலேயே வாரம் வாரமாக அதன் வெளிச்சம் எப்படி மாறியது என்ற கோடு. நான் அதில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலது நல்ல உருண்டைப் புள்ளி, கோடு மட்டும் ஒரு இடத்தில் நிமிர்ந்து நிற்கும். சிலது பக்கத்தில் இருக்கும் பிரகாசமான பொருளிலிருந்து தெறித்த கீற்று, பொருளே இல்லை, ஆனால் கோடு நிஜமான மாற்றம் போலவே ஆடும். கோட்டை மட்டும் பார்க்கிற நிரல் இதில் ஏமாந்துபோகும். படத்தையும் கோட்டையும் சேர்த்துப் பார்க்கிற கண், "இது கறை" என்று இரண்டு நொடியில் தள்ளிவிடும்.

3 மாதத்தில் 1,000 பேருக்கு மேல் சேர்ந்து ஏறத்தாழ 89,000 பதில் கொடுத்தார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத 142 மாறும் பொருள்கள் கிடைத்தன. பெரும்பாலானவை தூரத்துக் கேலக்ஸிகளின் மையத்தில் இருக்கும் கருந்துளைகளின் ஆட்டம் என்று சொல்கிறார்கள். சதர்லேண்டில் மீர்லிக்ட் என்று ஒரு தொலைநோக்கி, மீர்கேட் பார்க்கும் இடத்தையே கூடவே சாதாரண ஒளியில் பார்க்கும், அதையும் வைத்துச் சரிபார்த்தார்கள். அந்த 89,000 பதிலை வைத்துத்தான் இப்போது கணினிக்குப் பாடம். டேட்டா பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

லெனேசியா தம்பிக்கு இன்னும் ஒன்று. நிரலுக்கு நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தெரியும். வழவழப்பா, சுருளா என்று கேட்டால் அதைத்தான் சொல்லும். "இதென்ன பக்கத்தில்?" என்று அது திருப்பிக் கேட்காது.

2007இல் ஹனி வான் ஆர்க்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, என்னைப் போல வாத்தியார் வேலைதான், ஐசி 2497 என்ற கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே நீலமாக ஒரு திட்டு. கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதிலை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். போகாமல், இது என்ன என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தொலைநோக்கியாகத் திருப்பிப் பார்த்தார்கள், ஹப்பிள் உட்பட. கேலக்ஸி அளவுக்குப் பெரிய வாயு மேகம், பக்கத்துக் கேலக்ஸியின் மையத்தில் கருந்துளையைச் சுற்றி முன்பு கொழுந்துவிட்டு எரிந்த பொருளின், அதாவது குவேசாரின், ஒளி பட்டு மின்னுகிறது, குவேசார் இப்போது அடங்கிவிட்டது. விளக்கு அணைந்த பிறகும் சுவரில் வெளிச்சம் நிற்பது போல, ஒளி வந்து சேர எடுத்துக்கொண்ட காலம். அதற்கு ஹனியின் வோர்வெர்ப் என்று பெயர். என் வயதுக்காரர்கள் பள்ளியில் கட்டாயமாக, டச்சு மொழியிலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் படித்தவர்கள், நமக்கு அகராதி வேண்டாம். வோர்வெர்ப் என்றால் பொருள், வஸ்து, அவ்வளவுதான். என்னவென்று தெரியாததால் வைத்த பெயர்.

அம்மா, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் பேசுவதற்கு ஒரு இடம் இருக்கும், டாக் என்று போட்டிருக்கும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம் அது. பட்டனில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் அங்கே எழுதிவையுங்கள்.

டோங்காட் பைனாகுலர்

அக்கா, எல்லோரும் போனைப் பற்றியே பேசுகிறார்கள், நான் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். வானியலில் சாதாரண ஜனங்கள் உதவுவது கணினி வந்து தொடங்கியதில்லை. பிரிட்டோரியாவில் ஜாக் பென்னட் என்பவர், முழுநேர வானியலாளர் இல்லை, ராத்திரி ராத்திரியாகச் சின்னத் தொலைநோக்கியை வைத்து வால்நட்சத்திரம் தேடினார். 1968இல் எம்83 கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். 1969 டிசம்பர் 28ஆம் தேதி அவருடைய வால்நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த வருஷம் அது வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது.

டேட்டா செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு, மாறும் நட்சத்திரம் பார்ப்பது. கரைனா என்ற நட்சத்திரக் கூட்டத்தில் எல் கரைனே என்று ஒரு நட்சத்திரம், சுமார் 35 நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும். பிரகாச அளவு தெரிந்த இரண்டு நட்சத்திரத்தைப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று இதைவிடப் பிரகாசம், ஒன்று மங்கல். இது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பத்தில் ஒரு பங்கு வரை சொல்ல வேண்டும். நீங்கள் சாயத் துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருப்பீர்களே, அதே கண்தான். தேதி, நேரம், அளவு எழுதி ஏஏவிஎஸ்ஓ என்ற சங்கத்துக்கு அனுப்பலாம், 1911இலிருந்து உலகம் முழுவதும் இருந்து வாங்கிச் சேர்க்கிறார்கள். அதே கூட்டத்தில் ஈட்டா கரைனே என்ற நட்சத்திரமும் இருக்கிறது. 1837 டிசம்பரில் கேப்பில் இருந்த ஜான் ஹெர்ஷல் அது திடீரென்று பிரகாசமானதைப் பார்த்து எழுதிவைத்தார். அன்றைக்கு எழுதியதால்தான் இன்றைக்கு அந்த வெடிப்பின் கதையைச் சொல்ல முடிகிறது.

டர்பன் பக்கம் கோடையில் மேகமும் மழையும்தான். மே, ஜூன், ஜூலையில் பாருங்கள், கரைனாவும் தென்சிலுவையும் சாயங்காலமே உயரத்தில் நிற்கும். தெருவிளக்கு கண்ணில் படாமல் வீட்டின் பின்பக்கம் நின்று, கண் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள்.

லெனேசியா கணினி

வோர்வெர்ப் விஷயம் எனக்குத் தெரியாது. கணினி திருப்பிக் கேள்வி கேட்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா, உங்கள் பக்கத்து நூலகத்தில் இலவச வைஃபை இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள், இருந்தால் பகலில் அங்கே உட்கார்ந்து செய்யலாம்.

சாட்ஸ்வர்த் ஆயா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று தரம் படித்தேன். கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்ட விஷயத்தை வாத்தியார் எழுதியதைப் படித்ததும் ஃபேக்டரி ஞாபகம் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா, நல்ல சட்டை என்று பாஸ் ஆனதில் சிலதை எடுத்து வேறு செக்கர் மேஜையில் மறுபடி போடுவார்கள், யாருக்கும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று அப்போது வருத்தப்பட்டிருக்கிறேன். கண்ணைச் சோதிக்கிறார்கள், ஆளை இல்லை என்று இப்போது புரிகிறது.

நிறம் பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன் தம்பி, இரண்டு நீலத்தில் எது ஒரு சாயல் கூட என்று ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். குளிர்காலம் வரட்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் விளக்கு படாது. லோட் ஷெடிங் இருந்த நாட்களில் அங்கே நின்றுதான் தென்சிலுவையைப் பேரனுக்குக் காட்டினேன். பைனாகுலர் வாங்க வேண்டுமா, வெறுங்கண் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி திரும்பவும் உட்கார்ந்தேன். அவசரப்படாமல் 22 படம் பார்த்தேன். தெரிந்ததை மட்டும் அழுத்தினேன். பதினாறாவதோ பதினேழாவதோ, ஒரு கேலக்ஸிக்கு நடுவில் ஒரு பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொட்டு, பக்கத்தில் பக்கத்தில், ஒன்று கொஞ்சம் சிவப்பு. எந்தப் பட்டனும் அதைக் கேட்கவில்லை. டாக் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நடுவில் இரண்டு தெரிகிறது, சரியா என்று எழுதிப் போட்டிருக்கிறேன். காலையில் பார்த்தேன், இன்னும் யாரும் பதில் போடவில்லை. சாயங்காலம் திரும்பப் பார்க்கிறேன்.

டோங்காட் பைனாகுலர்

எல் கரைனேவுக்கு வெறுங்கண்ணே போதும் அக்கா. பைனாகுலர் கையில் இருந்தால் 7க்கு 50 (7 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்) எடுங்கள், அதைவிடப் பெரிது கையில் ஆடும்.